கண்ணாடிக்காரரின் கரண்ட் சைக்கிள்

என் வீட்டுக்காரருக்கு மனிதர்களின் முகம் நினைவில் நிற்காது, மூக்குதான் நிற்கும். மூக்குக்கண்ணாடிக் கடையில் வில்லை தேய்க்கிற வேலை. தெருவில் யாராவது சிரித்துவிட்டுப் போனால், யாருங்க அது என்று கேட்பேன். "இடது கண்ணு மைனஸ் நாலு. மூக்குத் தண்டு கொஞ்சம் கோணல்" என்பார். பேரைக் கேட்டால் முழிப்பார். ஊருக்கே கண்ணாடி மாட்டிவிட்டவர், தன் கண்ணுக்கு மாட்டிக்கொண்டதில்லை. அவ்வளவு நல்ல பார்வை. அந்தப் பார்வையில் நான் ஏன் விழுந்தேன் என்பது வேறு கதை. நான் மோட்டார் ரிப்பேர் பட்டறையில் செம்புக் கம்பியைக் காயிலாகச் சுற்றுகிறவள். கண்ணாடி இல்லாமல் ஒரு சுற்றுக்கூட எண்ண முடியாது. கண்ணாடியின் கால் கழன்றுவிட்டது என்று அந்தக் கடைக்குப் போனேன். மாட்டிக் கொடுத்தார். மறுநாளே கழன்றது. திரும்பப் போனேன். இன்னொரு முறையும் கழன்றது. வேண்டுமென்றே திருகைத் தளர்த்தி விட்டீர்களா என்று கல்யாணமான பிறகு எத்தனையோ தடவை கேட்டுவிட்டேன். "சீச்சீ, என் வேலைப் பேரை நானே கெடுத்துக்குவேனா" என்பாரே ஒழிய, இல்லை என்று ஒரு நாளும் சொன்னதில்லை.

கடைக்குச் சைக்கிளில்தான் போவார். மேம்பாலத்துக்கு அடியில் புகுந்து, சந்தையைச் சுற்றி, பெரிய ரோட்டோரமாகவே போய்ச் சேரவேண்டும். கொஞ்ச தூரம் இல்லை. பஸ்ஸில் போங்களேன் என்றால், "பஸ்ஸு அவன் இஷ்டத்துக்குப் போவும், இது என் இஷ்டத்துக்குப் போவும்" என்பார். ஞாயிற்றுக்கிழமை என்றால் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். அந்த அக்கறையில் பாதியை வீட்டு ஜன்னலுக்குக் காட்டியிருந்தால் எங்கள் சமையலறைக்குள் வெயில் வந்திருக்கும். சொன்னால் கேட்கிற ஆளா?

முதலில் செருப்புதான் காட்டிக் கொடுத்தது. நடந்துகொண்டே இருப்பார், ஒரு கால் செருப்பு பின்னால் கிடக்கும். கழன்றது அவருக்கே தெரியாது. கிண்டல் செய்தேன். அப்புறம் ஒருநாள் கடை வாசற்படியில் கால் தூக்க வராமல் முட்டி தட்டி விழுந்தார். அப்புறம்தான் ஆஸ்பத்திரி, டெஸ்ட், மறுபடி டெஸ்ட். கடைசியில் பெரிய டாக்டர் எங்களை உட்கார வைத்துச் சொன்னார். தொடையிலும் கெண்டைக்காலிலும் தசை மெலிந்துகொண்டே வருமாம். நிறுத்துவதற்கு மருந்து இல்லையாம். நான் அழ ஆரம்பித்துவிட்டேன். இவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"கைக்கு எப்ப வரும், டாக்டர்?"

"சொல்ல முடியாது. வராமலும் போகலாம்."

அவ்வளவுதான். வெளியே வந்து, என் தோளைப் பிடித்துக்கொண்டு நடக்கும்போது சொன்னார்: "டாக்டர் கண்ணாடி வலது பக்கம் எறங்கி இருக்கு பாத்தியா? அவருக்கு சாயங்காலம் ஆனா காது வலிக்கும், பாவம்." எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. நடு ரோட்டில் நின்று திட்டினேன். திட்டி முடிக்கிற வரைக்கும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, போலாமா என்றார்.

கடை முதலாளி நல்ல மனிதர், இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கால் கொஞ்சம் சரியில்லை என்று மட்டும் அவரிடம் சொல்லியிருந்தார் இவர். "அதனால என்ன, உக்காந்து பாக்குற வேலைதானே? நீங்களா வந்து சேர்ற வரைக்கும் அந்த நாற்காலி உங்களுக்குத்தான்" என்று முதலாளி தோளில் தட்டினாராம். அவர் அன்பாகச் சொன்னது. இவர் அதைச் சட்டமாக எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். வந்து சேர வேண்டும், அதுவும் தானாக வந்து சேர வேண்டும். அவ்வளவு செய்தால் நாற்காலி தன்னுடையது. அந்த நாற்காலிக்கு முன்னால் இருக்கிற தேய்ப்பு எந்திரத்தை வீட்டுக்குத் தூக்கிவர முடியாது. அதைத் தவிர அவருக்கு வேறு தொழிலும் தெரியாது, வேறு ஆசையும் கிடையாது.

பஸ்ஸில் படி ஏற முடியாது. தினமும் ஆட்டோ என்றால் சம்பளம் ஆட்டோக்காரருக்குத்தான். ஊனமுற்றவர்களுக்கு மூன்று சக்கர வண்டி தருகிறார்கள், மனு போடலாம் என்றேன். முகம் மாறிவிட்டது.

"மூணு சக்கரத்துல ஏறினா அப்புறம் நான் எறங்கவே மாட்டேன்மா. எனக்குத் தெரியும். அது வேணாம்."

சரி, மோட்டார் பட்டறையில் இத்தனை வருஷம் குப்பையா கொட்டினோம் என்று நானே இறங்கினேன். பின் சக்கரத்தைக் கழற்றி, நடுவில் மோட்டார் வைத்த சக்கரம் ஒன்றை வாங்கி மாட்டினேன். கம்பிகளை ஒவ்வொன்றாக இழுத்துக் கட்டி, கோணல் இல்லாமல் சுற்ற வைக்கிறதுக்குள் விரல் கொப்பளித்துவிட்டது. உட்காரும் சீட்டுக்குக் கீழே, மோட்டாரைக் கட்டுப்படுத்துகிற கன்ட்ரோலர் பெட்டி. நடுக் கம்பியில் பேட்டரியை வைத்து, மழை படாமல் ரெக்சின் உறை தைத்துப் போட்டேன். எங்கள் மேஸ்திரி பக்கத்தில் டீ குடித்துக்கொண்டே பார்த்தார்.

"என்னம்மா, புருஷனுக்கு மோட்டார் மாட்டறியா?"

"சைக்கிளுக்குத்தான் மேஸ்திரி. அவருக்கு மாட்ட வழி இருந்தா மொதல்ல அதச் செஞ்சிருப்பேன்."

மேஸ்திரி டீயைக் கீழே வைத்துவிட்டு வந்து வயரைப் பிடித்துக்கொடுத்தார்.

நான் முதலில் மாட்டியது, பெடலை மிதித்தால் மோட்டார் இழுக்கிற மாதிரி. அரைச் சுற்று மிதித்தால் போதும், மீதியை அது பார்த்துக்கொள்ளும். எங்கள் வீடுகளுக்கு நடுவில் ஒரு தண்ணீர்த் தொட்டி இருக்கிறது, உயரமான தூண்களில் நிற்கிறது. அதைச் சுற்றி வட்டமாக ரோடு, ரோட்டைச் சுற்றி வீடுகள். அந்த வட்டத்தில் முதல் ஓட்டம். பாதிச் சுற்று போனதும் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தார் பாருங்கள், கல்யாண போட்டோவில்கூட அந்தச் சிரிப்பு இல்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. அன்றைக்கு ராத்திரி சாப்பாட்டை இருமடங்காகச் சாப்பிட்டார்.

ஆனால் வியாதிக்கும் எனக்கும் நடந்தது ஓட்டப்பந்தயம். நான் ஒன்று மாட்டுவேன், அது ஒன்றைக் கழற்றும். கொஞ்ச நாளில் அரைச் சுற்றுக்கும் கால் வரவில்லை. மோட்டார் சும்மா இருந்தது. கைப்பிடியில் ஸ்கூட்டர் மாதிரி ஆக்சிலேட்டர் வைத்தேன், கையைத் திருகினால் போகும். அப்புறம் கால்கள் பெடலிலிருந்து நழுவி ரோட்டில் உரச ஆரம்பித்தன. பெடல் சுற்றாமல் இறுக்கிவிட்டு, பழைய டியூபைப் பட்டையாக வெட்டிப் பாதத்தைப் பெடலோடு கட்டினேன். ஏறுவதற்கு வாசல் மேடை உதவியது. மேடையில் உட்கார்ந்து, அப்படியே சீட்டுக்கு நகர்ந்துகொள்வார். நான் பட்டையைக் கட்டி, வண்டியைப் பிடித்தபடி நாலு எட்டு கூடவே ஓடி விட்டுவிடுவேன். போய்விடுவார்.

போவதைப் பற்றி இவ்வளவு யோசித்த நாங்கள், நிற்பதைப் பற்றி யோசிக்கவே இல்லை. சிரிக்காதீர்கள். சைக்கிளை நிறுத்த பிரேக் போதும், நின்ற சைக்கிளில் நிற்கத்தான் கால் வேண்டும். ஒரு நொடி ஒற்றைக் காலை ஊன்றுகிறோமே, அந்த ஒரு நொடி. சுவரைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் நாலடி நடப்பார், ஆனால் சாய்கிற உடம்பை ஒரு காலில் தாங்க அவரால் முடியாது. சுவரில் சாய்ந்து நிறுத்திப் பார்ப்போம் என்று ஒரு தடவை முயற்சி செய்தார். சுவரில் உரசிக்கொண்டே சரிந்து விழுந்தார், வண்டியோடு. கையை ஊன்றியிருந்தால் மணிக்கட்டு போயிருக்கும். கை போனால் எல்லாமே போச்சு. அன்றைக்கு அவர் முகம் வெளிறியது தோள் வலியால் இல்லை.

அதனால் பிடிக்க ஆள் ஏற்பாடு செய்தோம். கடைப்பக்கம் சாவிக்காரர். பக்கத்தில் பெட்டி போட்டுச் சாவி செய்கிறவர், இவரை அண்ணே என்பார். கடைச் சாவி ஒன்று இவரிடம் உண்டு, முதலாளி வருவதற்கு முன்பே சாவிக்காரர் கடையைத் திறந்து, இவரைப் பிடித்து, பட்டையை அவிழ்த்து, கைத்தாங்கலாக நாற்காலியில் உட்கார வைத்துவிடுவார். சாயங்காலம் முதலாளி கணக்கில் மூழ்கியிருக்கிற நேரமாகப் பார்த்து ஏற்றிவிடுவார். வாயைத் திறக்க மாட்டார், அவர் பூட்டெல்லாம்கூட சாவி போட்டால் திறக்கும். வீட்டுப்பக்கம் நான். என் பட்டறை சீக்கிரம் முடிந்துவிடும், பஸ் பிடித்து இவருக்கு முன்னால் வந்துவிடுவேன். தொட்டியை ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு வரும்போதே பெல் அடிப்பார். நான் வாசலுக்கு வந்து, இரண்டு கையாலும் ஹேண்டில்பாரையும் அவர் இடுப்பையும் சேர்த்துப் பிடிப்பேன்.

"புடிச்சிட்டியா?"

"புடிச்சிட்டேன்."

அதைச் சொன்ன பிறகுதான் ஆக்சிலேட்டரை விடுவார். ஒரு நாளும் கேட்காமல் விட்டதில்லை. புடிச்சிட்டேன் என்று சொல்லாமல் நான் ஒரு நாளும் பிடித்ததில்லை.

யாருக்கும் தெரியக் கூடாது என்பது அவர் போட்ட நிபந்தனை. "கால் கொஞ்சம் சரியில்ல, அவ்வளவுதான். அதுக்கு மேல ஒருத்தருக்கும் தெரிய வேணாம். தெரிஞ்சா முதலாளி காதுக்குப் போயிடும்." நானும் சத்தியம் செய்து கொடுத்தேன். எங்கள் வட்டத்து ஜனங்களும் எங்களுக்கு உதவி செய்தார்கள், தெரியாமலேயே. வாசலில் புருஷனை இடுப்போடு கட்டிப் பிடித்து இறக்குகிற பெண்டாட்டியை வேறு எங்கே பார்த்திருப்பார்கள்? மாடிவீட்டு அக்கா பால்கனியில் நின்று வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார். "இந்த வயசுல இதெல்லாம் தேவையா உங்களுக்கு? எங்க வீட்டு மனுஷன் பாத்து ஏங்கிப் போறார்" என்பார். மூலைவீட்டில் ரிட்டயரான அண்ணன் ஒருவர் இருக்கிறார். எந்த விஷயமானாலும் முதலில் அவருக்குத் தெரியும், அடுத்தது எல்லோருக்கும் தெரியும். நியூஸ் அண்ணன் என்று பேர். அவர் எங்களுக்கு ஜோடிப்புறா என்று பட்டம் கட்டினார். வெட்கமாக இருப்பது மாதிரி நடித்தோம். பாதி நடிப்பு, பாதி நிஜமாகவே வெட்கம். உண்மையைச் சொன்னால், அவரை நான் அப்படிக் கட்டிப் பிடித்துப் பல வருஷம் ஆகியிருந்தது.

ஒருநாள் கடைக்குக் கொஞ்ச தூரம் இருக்கும்போது பேட்டரி தீர்ந்துவிட்டது. வண்டி மெதுவாகி, மெதுவாகி, கவிழ்கிற நேரத்தில் வீடு கட்டக் கொட்டியிருந்த மணலில் சாய்ந்தார். மணல் இருந்ததால் தப்பித்தார். எல்லா இடத்திலும் மணல் கொட்டிக் காத்திருப்பார்களா? அன்றைக்கே இன்னொரு பேட்டரியைச் சேர்த்து மாட்டினேன். இரண்டு நாள் சார்ஜ் போடாவிட்டாலும் ஓடும். வழியில் நின்றுவிடக் கூடாது, அது ஒன்றுதான் எங்கள் பயமாக இருந்தது. "இனிமே நீ நிறுத்தச் சொன்னாலும் இது நிக்காது" என்று பெருமையாகச் சொன்னார். நானும் பெருமைப்பட்டேன்.

அந்த நாள் எல்லா நாளையும் போலத்தான் இருந்தது. பட்டறை முடிந்து பஸ் ஏறினேன். மேம்பாலத்தின் உச்சிக்குப் போனதும் பஸ் நின்றது. முன்னால் ஒரு லாரி அச்சு முறிந்து குறுக்கே நிற்கிறதாம். பின்னாலும் வண்டிகள் வந்து அடைத்துவிட்டன. அந்த மேம்பாலத்திலிருந்து பார்த்தால் எங்கள் தண்ணீர்த் தொட்டி பக்கத்தில் தெரியும். கை நீட்டினால் தொடலாம் போல இருக்கும், இறங்கிப் போவதற்குத்தான் பாலத்தின் கடைசிவரை போய்ச் சுற்ற வேண்டும். ஜன்னலோரம்தான் உட்கார்ந்திருந்தேன். அவர் வருவதைப் பார்த்தேன்.

வழக்கம்போலத் தொட்டியை ஒரு சுற்றுச் சுற்றினார். எங்கள் வாசலுக்கு முன்னால் வேகத்தைக் குறைத்தார். கதவைப் பார்த்தார். பூட்டியிருந்தது. இன்னொரு சுற்று போனார். மறுபடியும் வாசலில் குறைத்தார், பார்த்தார், போனார். பெல் எனக்குக் கேட்கவில்லை, ஆனால் அடித்திருப்பார் என்று தெரியும்.

நான் எழுந்து கண்டக்டரிடம் போனேன். "அண்ணே, கொஞ்சம் கதவைத் தொறங்க. அவசரம்."

"பாலத்து மேல எறக்கக் கூடாதும்மா. வண்டி ரெண்டு பக்கமும் ஒட்டி நிக்குது, எங்க எறங்குவீங்க?"

"அண்ணே, என் வீட்டுக்காரர்…"

"எல்லாருக்கும் வீட்டுக்காரர் இருக்காரும்மா. உக்காருங்க."

கெஞ்சினேன், திட்டினேன், கதவைத் தட்டினேன். அவரும்தான் பாவம், என்ன செய்வார். கதவுக்கும் பக்கத்து வண்டிக்கும் நடுவில் ஒரு ஆள் நுழைய இடமில்லை. திரும்பி வந்து ஜன்னலில் முகத்தை வைத்தேன். பிள்ளைகள் விளையாட வந்துவிட்டார்கள். இவர் சுற்றுவதைப் பார்த்து அவர்களுக்குக் குஷி. பின்னாலேயே கத்திக்கொண்டு ஓடினார்கள். மாடிவீட்டு அக்கா பால்கனிக்கு வந்து கையசைத்தார். இவர் ஒரு கையை எடுத்து, சிரித்துக்கொண்டு, கையசைத்தார். அந்தக் கையசைப்பை என்னால் இன்றைக்கும் தாங்க முடியவில்லை.

என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா எட்டிப் பார்த்தார். "யாரு, உங்களவரா? நல்லா ஓட்டறாரே."

"ஆமாங்க. நல்லாத்தான் ஓட்டறாரு."

போன் கையிலேயே இருந்தது. அவருக்குப் போட முடியாது, ஓட்டிக்கொண்டே போனை எடுத்துப் பேச அவரால் ஆகாது. சாவிக்காரர் ஊரின் அந்தக் கோடியில் இருக்கிறார். மாடிவீட்டு அக்கா நம்பர் இருந்தது. பொத்தான் மேலேயே விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். லாரியை நகர்த்திவிடுவார்கள், இதோ நகர்த்திவிடுவார்கள் என்று பார்த்தேன். பேட்டரி தீரட்டும் என்று நினைத்தேன், உடனே ஐயோ தீர்ந்தால் விழுந்துவிடுவாரே என்று நினைத்தேன். அது தீராது என்பதும் எனக்குத் தெரியும். மாட்டினது நான்தானே.

வெளிச்சம் குறைந்துகொண்டு வந்தது. அவர் விளக்கைப் போட்டார். அடுத்த சுற்றில் முன் சக்கரம் ஆடியது. கொஞ்சம்தான். அடுத்த சுற்றிலும் ஆடியது. தோள் ஓய்ந்துவிட்டது என்று எனக்குப் புரிந்தது. கையை ஊன்றி விழப் போகிறார். நான் போனை அழுத்தினேன்.

"ஆமாடி, பாத்துட்டேதான் இருக்கேன்" என்றார் அக்கா, நான் பேசுவதற்கு முன்பே. "என்ன இன்னிக்கி ரவுண்டு மேல ரவுண்டு? நீ வர்ற வரைக்கும் வீட்டுக்குள்ள போமாட்டாராமா?"

"அக்கா, அவரைப் புடிக்கச் சொல்லுங்க. அவரால எறங்க முடியாது. கால் ரெண்டும் போயிடுச்சுக்கா. ரொம்ப நாளாவே."

 அக்கா பால்கனியிலிருந்து கத்தியது போனிலேயே கேட்டது.

எல்லாவற்றையும் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். நியூஸ் அண்ணன் ஓடி வந்தார், அவர் மருமகன் வந்தார், இன்னும் யார் யாரோ. கேரியரைப் பிடித்து நிறுத்தினார்கள். அவரை அக்குளில் கை கொடுத்துத் தூக்கினார்கள். வரவில்லை. இன்னும் பலமாக இழுத்தார்கள். பட்டை கட்டியிருப்பது யாருக்குத் தெரியும்? அவர் என்னவோ சொல்வது தெரிந்தது, ஒருவரும் கேட்கவில்லை. கடைசியில் யாரோ குனிந்து பாதத்தைப் பார்த்தார்கள். அப்புறம் எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். பிள்ளைகள் கத்துவதை நிறுத்திவிட்டுத் தள்ளிப் போய் நின்றார்கள். ஒரு பிளாஸ்டிக் நாற்காலி வந்தது. அவரை அதில் உட்கார வைத்து, நாலு பேராகத் தூக்கிக்கொண்டு போனார்கள். அப்போதுதான் பஸ் நகர்ந்தது.

நான் போனபோது வீடு நிறைய ஆட்கள். பூட்டை உடைத்திருந்தார்கள். அக்கா டீ போட்டுக்கொண்டிருந்தார், நியூஸ் அண்ணன் இவர் காலடியில் உட்கார்ந்து கெண்டைக்காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டிருந்தார். இவர் எல்லோரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்க்கவில்லை. எல்லோரும் போன பிறகு, கதவை ஒருக்களித்துவிட்டு வந்து கேட்டேன்.

"யாரையாவது ஒரு வார்த்தை கூப்பிட்டிருக்கலாமே. அத்தன பேரு இருந்தாங்களே."

"கூப்பிட்டா எறக்கி விட்டிருப்பாங்க" என்றார். "அப்புறம் ஏத்தி விட மாட்டாங்க."

"விழுந்து கை ஒடிஞ்சிருந்தா?"

 தோளைத் தடவிக்கொண்டே, "நீ வந்துடுவேன்னு நெனச்சேன்" என்றார்.

நான் சொன்னது தப்பு என்று இன்றைக்கும் நான் நினைக்கவில்லை. மறுபடி அந்த ஜன்னலில் என்னை உட்கார வைத்தாலும் அதே போனைத்தான் போடுவேன். அவருக்கும் அது தெரியும், அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசினதில்லை. ஆனால் அவர் சொன்னது அப்படியே நடந்தது. மறுநாள் காலையில் நியூஸ் அண்ணன் காரை வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். "இனிமே நீங்க ஏன் இந்த அவஸ்தைப் படணும்? நான் எதுக்கு இருக்கேன், வாங்க" என்று மருமகனையும் கூட்டிக்கொண்டு, இவரைத் தூக்கி உள்ளே உட்கார வைத்தார். வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? கடை வாசலிலும் இரண்டு பேராகத் தூக்கி இறக்கியிருக்கிறார்கள், முதலாளி கண்ணுக்கு முன்னால். சைக்கிள், பட்டை, சாவிக்காரர், தொட்டிச் சுற்று என்று ஒன்று விடாமல் நியூஸ் அண்ணன் சொல்லியிருக்கிறார். முதலாளி கண்ணீர் விட்டு அழுதாராம். "இவ்வளவு கஷ்டத்தோடயா எனக்கு வேல பாத்தீங்க? எனக்கு இந்தப் பாவம் வேணாம். வீட்டுல நிம்மதியா இருங்க."

சாயங்காலம் முதலாளியே எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு பை. அதில் பழம் இருந்தது, இவர் கடையில் டீ குடிக்கிற கிளாஸ் இருந்தது, நாற்காலியில் போட்டு உட்காருகிற மெத்தை இருந்தது. அந்த மெத்தை நான் தைத்தது. இவர் அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். முதலாளி கிளம்பும்போது இவர், "உங்க கண்ணாடி கொஞ்சம் லூசா இருக்கு, குடுங்க" என்று வாங்கி, திருகை நகத்தாலேயே இறுக்கிக் கொடுத்தார்.

யாரையும் என்னால் திட்ட முடியவில்லை. யாராவது ஒரு கெட்டவன் இதில் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும், வாய் நிறையத் திட்டித் தீர்த்திருப்பேன். எல்லோரும் நல்லவர்கள். இப்போதும் நல்லவர்களாகத்தான் இருக்கிறார்கள். அக்கா குழம்பு கொடுத்தனுப்புகிறார். ஜோடிப்புறா என்று ஒருவரும் கிண்டல் செய்வதில்லை. கட்டிக் கொடுத்த ஊரிலிருந்து எங்கள் மகள் போனில் அழுகிறாள், நீயாவது சொல்லியிருக்கலாமே அம்மா என்று. மூன்று சக்கர வண்டிக்கு நியூஸ் அண்ணனே மனு எழுதிப் போட்டு, அதுவும் வந்துவிட்டது. வாசலில் நிற்கிறது. கடைக்குப் போவதற்கு இல்லையென்றால் எதற்கு என்று இவர் அதில் ஏறவே இல்லை.

சைக்கிளை விற்றுவிடலாம் என்று மேஸ்திரி சொன்னார். நான் விற்கவில்லை. பேட்டரி இருக்கிறதே, அதைச் சும்மா போட்டு வைத்தால் கெட்டுவிடும். வாரத்துக்கு ஒரு தடவையாவது ஓட்டி இறக்கி, மறுபடி சார்ஜ் போட வேண்டும். அதைத்தான் இவரிடம் சொன்னேன். சரி, கெட வேணாம் என்றார். அதனால் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் முன்னறையில் சைக்கிளை இரட்டைக்கால் ஸ்டாண்டில் ஏற்றி, பின் சக்கரம் தரையில் படாமல் நிறுத்துகிறேன். அவரை மேலே ஏற்றி உட்கார வைக்கிறேன். பட்டை கட்டத் தேவையில்லை, ஆனாலும் கட்டச் சொல்கிறார், கட்டுகிறேன். அவர் கையைத் திருகினால் சக்கரம் சுற்றும். வண்டி அசையாது. சுவரைப் பார்த்தபடி அவர் பாட்டுக்கு உட்கார்ந்திருப்பார். சந்தைப் பக்கம் இன்னைக்குக் கூட்டமா இருக்கும் என்பார் சில நாள்.  நான் சமையலறையில் என் வேலையைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

இப்போது கைவிரல்களும் கொஞ்சம் மரத்துப்போகின்றன என்கிறார். டாக்டரிடம் போகலாம் என்றால், போய் என்ன கேட்பது என்கிறார்.

பேட்டரி முக்கால்வாசி இறங்கினதும் பெல் அடிப்பார். நான் கையைத் துடைத்துக்கொண்டு வருவேன். ஸ்டாண்டில் நிற்கிற சைக்கிள், யாரும் பிடிக்க வேண்டியதில்லை, விட்டால் விழவும் விழாது. இருந்தாலும் ஹேண்டில்பாரையும் அவர் இடுப்பையும் சேர்த்துப் பிடிக்கிறேன்.

"புடிச்சிட்டியா?"

"புடிச்சிட்டேன்" என்கிறேன்.

அதற்கப்புறம்தான் கையை விடுகிறார்.